தாங்குவோரைத் தாங்குவோர்

ஆண்டுதோறும் பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, நம் பங்குகளில் நோயாளர் நாள் கொண்டாடப்படுகிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-இல் ஏற்படுத்திய நாள் அது. நோயுற்றோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதோடு, பங்கிலுள்ள மருத்துவர்களையும் செவிலியர்களையும் பீடத்தருகே அழைத்துப் பொன்னாடை போர்த்துவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. மறையுரையில் 'வெண்ணுடை தரித்த வானதூதர்கள்' என்னும் தொடர் தவறாமல் இடம்பெறும். நாமும் மனமாரக் கைதட்டுவோம். அந்த நன்றியுணர்வில் பொய்யில்லை.

எங்கள் மகள் செவிலியர். வடகிழக்கில், அண்டை நாட்டின் எல்லைக்கு நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவிலுள்ள ஒரு மலையூரில், அருட்சகோதரிகள் நடத்தும் சிறு மருத்துவமனையில் நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தாள். விடுப்பில் வந்திருந்த ஓர் ஆண்டு இந்தத் திருப்பலிக்கு எங்களோடு வந்தாள். வீடு திரும்பும் வழியில், "அப்பா, வானதூதருக்குக் காய்ச்சல் வராது, பசிக்காது, ராத்திரி மூணு மணிக்குத் தலை சுத்தாது. எங்களுக்கு எல்லாம் வரும்" என்றாள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவர்தாம் அதை விடமுடியாமல் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் செவிலியர் பள்ளியில் படித்த காலத்தில், ஆசிரியையாக இருந்த ஓர் அருட்சகோதரி, உகாண்டா நாட்டின் வட எல்லைப் பகுதியிலுள்ள லாக்கோர் புனித மரியா மருத்துவமனையின் வரலாற்றை முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்வாராம். மகள் வழியாக அது எங்களிடமும் வந்து சேர்ந்தது. பின்னர் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தோம். அங்கே பணியாற்றியவர்கள் பட்ட பாட்டையும், அவர்களை விழாமல் நிறுத்தியது எது என்பதையும் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

'மன அழுத்தம்' என்னும் சொல் இன்று எல்லார் வாயிலும் வழங்குகிறது. அழுத்தத்திற்கு உள்ளானோர் மீண்டெழும் ஆற்றலுக்கும் அறிஞர் பற்பல பெயர் சூட்டியுள்ளனர். நம் வீடுகளில் வழங்கும் பழைய சொல் 'தாங்குதல்' என்பதே. 'அவளால் தாங்க முடியவில்லை' என்கிறோம். 'விழப்போனவளைத் தாங்கிப் பிடித்தார்கள்' என்றும் சொல்கிறோம். சுமையைப் பொறுப்பதற்கும், பொறுப்பவரைப் பிடித்துக்கொள்வதற்கும் ஒரே சொல். லாக்கோரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, பின்னது இல்லாத இடத்தில் முன்னது நெடுநாள் நிற்பதில்லை என்றே எங்களுக்குப் பட்டது.

கம்பாலாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 330 கிலோமீட்டர் சென்றால் குலு நகர். அதற்கும் அப்பால் நூறு கிலோமீட்டர் அளவில் நாட்டின் எல்லை. எல்லைக்கு மறுபுறம் இருந்தது அன்று சூடான். 2011 முதல் தென் சூடான். அச்சோலி மக்களின் பூமி இது. தொலைவிலிருக்கும் நமக்கு எல்லை என்றால் வரைபடத்தில் ஒரு கோடு. அங்கே வாழும் ஏழை வணிகனுக்கு அது பிழைப்பு. அடிபட்டு ஓடும் படைக்கு அது புகலிடம். மருத்துவமனைக்கோ, எந்தக் காயத்தோடு, எந்த நோயோடு, எந்த மொழி பேசுவோர் எந்த இரவில் வாசலில் வந்து நிற்பர் என்று முன்னறிய முடியாத நிலை. 'இங்கே முடியாது, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்' என்று சொல்லவும் வழியிருக்காது, சாலையே அடைபட்டிருக்கும். மகள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. எல்லையூரில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அந்த இடம் பல மாதம் காலியாகவே கிடக்குமாம். எஞ்சியிருப்போர் அவருடைய ஷிப்டையும் பங்கு போட்டுக்கொள்வார்களாம். களைப்பு அங்கேதான் தொடங்கும் என்பாள்.

லாக்கோர் மருத்துவமனை குலு நகருக்குச் சற்று மேற்கே, குலு மறைமாவட்டத்திற்காகக் கொம்போனி சபைத் துறவியர் 1959-இல் தொடங்கியது. 1961-இல் இத்தாலியக் குழந்தை மருத்துவர் பியெரோ கோர்ட்டி அங்கு வந்தார். அவருடைய அழைப்பின்பேரில், இரண்டே மாதம் உதவிவிட்டுத் திரும்புவதாகக் கனடா நாட்டு அறுவை மருத்துவர் லூசில் டீஸ்டேல் வந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் இருவரும் திருமணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டனர். போர்க்காயம் பட்டோருக்கு அறுவை செய்கையில், உடைந்த எலும்புச் சில்லுகள் கையுறையைக் கிழித்து லூசில் அம்மையாரின் விரல்களைக் கீறுவதுண்டு. எச்.ஐ.வி. கிருமி தம் உடலில் இருப்பதை அவர் 1985-இல் அறிந்தார். அறிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் பணியாற்றி, 1996-இல் காலமானார். அவர் செய்த அறுவைகள் பதின்மூவாயிரத்திற்கும் மேல் என்பர்.

கோர்ட்டி தம்பதியரின் பெயர் உலகறிந்தது. எங்கள் மனம் அவர்களைவிடவும், அந்த மண்ணிலேயே பிறந்த டாக்டர் மேத்யூ லுக்வியாவிடமே தங்கியது. மருத்துவர் வெளிநாட்டவராயின், முடியாதபோது திரும்பிச் செல்ல ஓர் ஊர் அவருக்கு உண்டு. மேத்யூவுக்கு இதுவே ஊர். எல்லையை ஒட்டிய கிட்கும் பகுதியில் 1957-இல் பிறந்தார். தந்தை மீன் விற்பவர். மகனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது நீரில் மூழ்கி இறந்தார். தாய் சிறு வணிகம் செய்தவர். சைக்கிளில் தேயிலையை எல்லை கடத்திச் சூடானுக்குக் கொண்டுபோய், அதற்கு மாற்றாகச் சோப்பு வாங்கிவரும் வித்தையை மகனுக்கும் பழக்க முயன்றார் என்று எழுதியிருக்கிறார்கள். மகனோ படிப்பில் முதல் மாணவன். உதவித்தொகைகளால் மருத்துவம் படித்து, 1983-இல் பயிற்சி மருத்துவராக லாக்கோரில் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் வெப்பமண்டல மருத்துவம் படித்தபோது அங்கேயே தங்கிவிடும் வாய்ப்பு வந்தும் திரும்பிவந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர், புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர் என்பதையும் நம் வாசகர் அறிதல் நன்று. கத்தோலிக்க மருத்துவமனை ஒன்று தன் முழுப் பொறுப்பையும் அவர் கையில் கொடுத்திருந்தது.

அந்நாட்டின் வடபகுதியில் 1986-க்குப் பின் இருபது ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்தது. ஜோசப் கோனி என்பவன் தலைமையிலான கிளர்ச்சிப் படை சிறுவர் சிறுமியரைக் கடத்திச் சென்று படையில் சேர்த்தது. 1990-களின் நடுவிலிருந்து எல்லைக்கு அப்பால் சூடான் மண்ணில் அதற்குப் பாசறைகள் இருந்தன. தாக்குவதும் எல்லை தாண்டி மறைவதுமாக இருந்தது. 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை' என்று ஆண்டவரின் பெயரையே அது சூட்டிக்கொண்டதை என்னென்பது! மக்களில் பதினெட்டு இலட்சம் பேர்வரை முகாம்களில் அடைபட்டுக் கிடந்த காலமும் உண்டு.

1989-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று கிளர்ச்சியாளர் லாக்கோருக்குள் புகுந்து அருட்சகோதரிகளைப் பிடித்துச் செல்ல முயன்றனர். மேத்யூ, அவர்களை விட்டுவிட்டுத் தம்மைக் கொண்டுபோகும்படி கேட்டார். மருத்துவர் அங்கியோடேயே ஒரு வாரம் காட்டில் நடத்திச் செல்லப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டார். அதன்பின் மருத்துவமனை வளாகத்தின் வாயிலை அவர் இரவில் ஊராருக்குத் திறந்துவிட்டார். மாலையானால் குழந்தைகளும் தாய்மாருமாக ஆயிரக்கணக்கானோர் பாயும் போர்வையுமாக வந்து படுப்பர்; விடிந்ததும் எழுந்து செல்வர். சில காலங்களில் அவ்வெண்ணிக்கை பத்தாயிரத்தை நெருங்கியது. இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர் உறங்கும் பிள்ளைகளை மிதித்துவிடாமல் கால் பார்த்து நடக்கவேண்டியிருந்திருக்கும். எபோலா வருமுன்னரே அவர்கள் பத்தாண்டுகளாகத் துப்பாக்கி ஓசைக்கு நடுவே ஊசி போட்டுப் பழகியவர்கள் என்பதை நினைவில் வைக்கவேண்டும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள அது தேவை.

2000-ஆம் ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் டாக்டர் மேத்யூ கம்பாலாவில் மேற்படிப்பில் இருந்தார். லாக்கோரில் புரியாத நோய் ஒன்றால் செவிலிய மாணவர் இருவர் இறந்துவிட்டனர் என்று 7-ஆம் நாள் தொலைபேசியில் செய்தி வந்தது. அன்று மாலையே புறப்பட்டு வந்து, இரவெல்லாம் நோயாளர் ஏடுகளைப் புரட்டினார். காய்ச்சல், வாந்தி, இரத்தக் கசிவு, சில நாள்களில் சாவு: ஒரே தன்மையுள்ள இறப்புகள் பல அவற்றில் இருந்தன. எபோலாவாக இருக்கலாம் என்று ஐயுற்றார். ஆய்வக முடிவு அக்டோபர் நடுவில்தான் வந்தது. அதற்குக் காத்திராமல், உலக நல நிறுவனத்தின் கையேட்டைப் பார்த்துத் தனிமைப் பிரிவை அமைத்துவிட்டார். பெரும் கொடை எதுவும் வந்து சேருமுன் செய்த வேலை அது. முகமூடி, மேலங்கி, அடுக்கடுக்காகக் கையுறை, ரப்பர் காலணி, தொட்ட இடமெல்லாம் குளோரின் கரைசல். அப்பிரிவில் பணிபுரிய முன்வருவோர் வரலாம் என்று கேட்டுக்கொண்டார். முன்வந்தார்கள்.

அந்தப் பிரிவில் ஒரு ஷிப்ட் எப்படி இருந்திருக்கும் என்பதை மகள் எங்களுக்கு விளக்கினாள். கொரோனா காலத்தில் அவளும் அத்தகைய உடையில் நின்றவள். வியர்வை உள்ளேயே ஓடும். கண்ணாடியில் ஆவி படிந்து நரம்பு தெரியாது. தண்ணீர் குடிக்க முடியாது. தாகமெடுத்தாலும் இயற்கை அழைத்தாலும் பொறுக்கவேண்டும். இவையெல்லாம் உடம்பின் துன்பம், பழகிவிடும் என்றாள். நோயாளியின் கையைப் பிடிக்கையில் இடையே மூன்று அடுக்கு ரப்பர் இருப்பதுதான் பழகாதாம். குலுவில் அதற்கும் மேலே ஒன்று இருந்தது. படுக்கையில் கிடந்தோரில் பலர் நேற்றுவரை பக்கத்தில் நின்று பணிபுரிந்த தோழியர். வேலை முடிந்து வீட்டிற்குச் சென்றால் அக்கம்பக்கத்தார் விலகிச் சென்றனர். தண்ணீர்க் குழாயடியில் இடம் இல்லை. சொந்த வீட்டிலேயே வரவேண்டாம் என்றோரும் உண்டு. அவர்கள்மீது குறை சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை. இறந்தோரின் உடலைக் கழுவி, ஒரே பாத்திரத்து நீரில் எல்லாரும் கைகழுவும் அச்சோலி ஈமச் சடங்கிலேயே நோய் பரவியது என்று அவர்களுக்கு அப்போதுதான் சொல்லப்பட்டிருந்தது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. பாமர மக்களின் அறியாமையே நோய்க்குக் காரணம் என்று பேசுவது எளிது. ஆனால் அச்சோலிப் பெரியோரிடம் 'கெமோ' என்னும் கொள்ளைநோய்க்குரிய பழைய ஒழுங்குகள் இருந்தன. நோயுற்றவரைத் தனிக் குடிசையில் வைக்கவேண்டும்; குடிசைக்கு முன் நெடிய புல்தண்டுகளை நட்டு அடையாளம் செய்யவேண்டும்; முன்பு அந்நோய் கண்டு பிழைத்தவரே உணவு கொடுக்கவேண்டும்; பிழைத்தெழுந்தவரும் ஒரு மாதம் ஒதுங்கியிருக்கவேண்டும். அங்குச் சென்று ஆய்ந்த மானிடவியலார் இவற்றைப் பதிவு செய்துள்ளனர். மருத்துவர் கையேட்டில் உள்ளதற்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு? அதிகமில்லை. நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியது எங்கள் நினைவுக்கு வந்தது.

நவம்பர் மூன்றாம் வாரத்தில் நோய் தணிவதுபோல் தோன்றியது. அப்போதுதான் பணியாளர் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். 24-ஆம் நாள் விடியலோடு முடிந்த ஒரே நாளில் ஏழு பேர் இறந்தனர். அவர்களுள் மூவர் மருத்துவமனைப் பணியாளர். காலையில் ஒருவரும் வார்டுக்குச் செல்லவில்லை. செவிலியர் பள்ளியின் மண்டபத்தில் ஏறத்தாழ 400 பேர் கூடிவிட்டனர். விரைந்து வந்த டாக்டர் மேத்யூ, என்ன வேண்டும் என்று கேட்டார். மருத்துவமனையை மூடிவிடுங்கள் என்று ஒரு செவிலியர் குரல் கொடுத்தார்.

மூடினால் தாமும் குலுவை விட்டுப் போய்விடுவதாகவும், திரும்பி வரப்போவதில்லை என்றும் அவர் சொன்னார். 1989-இல் தம்மையே பணயமாகக் கொடுத்ததை நினைவூட்டினார். போக விரும்புவோர் போகலாம், தாம் மட்டும் எஞ்சினாலும் பணிசெய்வதாகச் சொன்னார். பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. அவர்கள் பேசினார்கள், அவர் கேட்டார். அவர் பேசினார், அவர்கள் கேட்டனர். முடிவில் எல்லாரும் சேர்ந்து பாடினர் என்று எழுதியிருக்கிறார்கள். பின் வார்டுகளுக்குத் திரும்பினர்.

இப்பகுதியை முதன்முறை படித்தபோது எங்களுக்குச் சினமே வந்தது. களைத்து, அஞ்சி, தோழியரைப் புதைத்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளிடம், 'நீங்கள் போனால் நானும் போய்விடுவேன்' என்று சொல்லலாமா? அது அவர்கள் தோளில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகாதா? அந்தப் பிள்ளைகளுக்கும் தாய் தந்தையர் உண்டே! நாங்கள் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2021 மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, மகளைத் தொலைபேசியில் அழைத்து வேலையை விட்டுவிட்டு வந்துவிடும்படி சொன்னோம். இன்றும் அப்படிக் கேட்டது சரியென்றே எண்ணுகிறோம். பெற்றவர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்? அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க வான்னா வந்துடறேன்மா. ஆனா இந்த மாசம் டியூட்டி லிஸ்ட்ல எட்டுப் பேர்தான் இருக்கோம். நான் வந்தா ஏழு" என்றாள். அம்மாவால் மேலே பேச முடியவில்லை. அவள் வரவில்லை. நாங்களும் அதன்பின் வா என்று சொல்லவில்லை. நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்குச் செபமாலை முடிந்ததும் அழைத்து, என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டோம்.

லாக்கோர் மண்டபத்தைப் பற்றிய எங்கள் சினத்தை மகளிடம் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் தினமும் அந்த வார்டுக்குள்ள நின்னாரு அப்பா. ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு யாராவது சொல்லியிருந்தா ஒரு நர்ஸும் திரும்பிப் போயிருக்க மாட்டாங்க" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அவர்களைக் கோழைகள் என்று அவர் ஏசவில்லை. விசுவாசக் குறைவு என்று பழிக்கவில்லை. மூடச் சொல்ல அவர்களுக்கு வாய் திறந்திருந்தது, கேட்க ஓர் ஆள் மணிக்கணக்கில் நின்றார். பயம் என்று சொல்லத் தடையில்லாத இடத்தில்தான் பயத்தோடு வேலை செய்ய முடியும் என்பது அவள் கண்டது. நாங்கள் அரைமனத்தோடு ஒத்துக்கொண்டோம். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரும் அஞ்சினார். தனியே விடாமல் தம்மோடு விழித்திருக்கும்படி நண்பர்களைக் கேட்டார். அவர்கள் உறங்கிவிட்டனர். அந்த இரவின் துயரத்தில் அவர்களுடைய உறக்கமும் ஒரு பங்கு அல்லவா?

மண்டபத்துக் கூட்டத்திற்குச் சில நாள் முன்பே மேத்யூவின் உடலில் கிருமி புகுந்திருந்தது. எபோலா கண்ட ஓர் ஆண் செவிலியர் நள்ளிரவுக்குப் பின் இரத்தம் வடிய, நினைவு தடுமாறிப் படுக்கையிலிருந்து எழுந்துவிட்டார். இரவுப் பணியாளர் அஞ்சி, உறங்கிக்கொண்டிருந்த டாக்டரை எழுப்பினர். ஓடிவந்தவர் முகமூடியும் மேலங்கியும் கையுறையும் அணிந்தார். கண்ணுக்குரிய காப்புக் கண்ணாடியை அணியவில்லை. வாரக்கணக்கில் உறக்கமின்றி உழைத்தவருக்கு அரைத்தூக்கத்தில் அது தவறிப்போயிற்று. நோய் கண்டதும் தமக்கும் மற்றவருக்குரிய விதிகளையே விதித்துக்கொண்டார். முழுக் காப்புடை அணிந்த பின்னரே மனைவி அருகில் வர முடிந்தது. டிசம்பர் 5-ஆம் நாள் அதிகாலையில் இறந்தார். அன்று மாலையே, அவர் வகுத்த முறைப்படியே கிருமிநாசினி தெளித்து, லூசில் அம்மையாரின் கல்லறையருகே அடக்கம் செய்தனர். தாமே கடைசி ஆளாக இருக்கட்டும் என்று அவர் நோயில் மன்றாடியதாகச் சொல்வர்.

இந்த மரணத்தைச் சான்று பகர்ந்த மரணம் என்று நாம் போற்றுகிறோம். போற்றத்தக்கதே. ஆயினும் அந்தக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அன்பு மட்டும் போதாது என்பதற்குத் திருச்சபையின் பணித்தளங்களிலேயே வேதனையான முன்னிகழ்ச்சி உண்டு. 1976-இல் அன்றைய சயீர் நாட்டின் யம்புக்கு என்னும் ஊரில், பெல்ஜிய அருட்சகோதரிகள் நடத்திய மருத்துவமனையில்தான் எபோலா பரவியது முதன்முதலாக அறியப்பட்டது. வெளிநோயாளர் அனைவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஐந்தே ஊசிகள். ஒருவருக்குப் போட்டதை வெந்நீரில் அலசிவிட்டு மற்றவருக்குப் போட்டனர். 318 பேர் நோயுற்றனர். 280 பேர் இறந்தனர். பணியாளர் 17 பேரில் 11 பேர் மாண்ட பின் மருத்துவமனை மூடப்பட்டது. அச்சகோதரிகள் ஏழைகளை நேசித்தவர்கள்; தங்கள் உயிரையும் கொடுத்தவர்கள். அதே ஆண்டு எல்லைக்கு அப்பால் சூடானின் மரிடி மருத்துவமனையிலும் பணியாளர் நாற்பது பேர் அளவில் இறந்தனர். கொதிக்கவைத்த ஊசியும், போதுமான கையுறையும், ஆறு மணி நேர உறக்கமும் அன்பின் வெளிப்பாடுகளே என்று நம் மறையுரைகளில் சொல்லக் கேட்டதில்லை.

குலுவின் நோய்ப்பரவல் 2001 பிப்ரவரியில் முடிந்தது. 425 பேர் நோயுற்று 224 பேர் இறந்திருந்தனர். லாக்கோரின் பணியாளர் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர். கிருமி அத்தோடு போய்விடவில்லை. இதே சூடான் வகை எபோலா 2022 செப்டம்பரில் உகாண்டாவில் மீண்டும் பரவி, மருத்துவப் பணியாளர் எழுவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. 2025 சனவரியில் கம்பாலாவில் மறுபடி தோன்றியபோது முதலில் கண்டறியப்பட்டவரே ஓர் ஆண் செவிலியர். நோய் இன்னதென்று தெரியவந்தபோது அவர் உயிரோடு இல்லை. இந்த வகைக்கு ஒப்புதல் பெற்ற தடுப்பூசி அப்போதும் இல்லை. சோதனையில் இருந்த ஒன்றைத்தான் கொண்டுவந்து போட்டுப் பார்த்தனர்.

பணிச்சோர்வைப் பற்றி உலக நல நிறுவனம் 2019-இல் ஒரு தெளிவு தந்தது. தீராத வேலை நெருக்கடியைச் சரிவரக் கையாளாததால் விளையும் நிலை அது என்று வரையறுத்தது. நோய்களின் வரிசையில் அதைச் சேர்க்கவில்லை. ஏட்டளவில் சிறிய செய்திதான். ஆனால் சோர்ந்துபோன செவிலியரைப் பார்த்து, 'இன்னும் அதிகமாகச் செபம் செய்' என்று மட்டும் சொல்லும் பழக்கமுள்ள நமக்கு அது வேண்டிய செய்தி. செபம் வேண்டாம் என்பதில்லை. அந்த மண்டபத்தில் அவர்கள் பாடத்தானே செய்தார்கள்! ஆனால் பாட்டு முடிந்ததும் அடுத்த ஷிப்டுக்கு ஆள் இருக்கவேண்டும்.

மகளிடம் ஒருநாள் வெளிப்படையாகவே கேட்டோம்: அந்த மலையூரில் உன்னைத் தாங்கியது எது? தியானம், நற்கருணை என்று சொல்வாள் என எதிர்பார்த்தோம். அவற்றையும் சொன்னாள். ஆனால் முதலில் சொன்னது சமையற்கட்டில் வேலைசெய்த ஒரு மூதாட்டியை. இரவு மூன்று மணிக்கு எவரும் கேளாமலே எழுந்து, பால் கலக்காத தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் கெட்டிலில் கொண்டுவருவாராம். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அடுத்துச் சொன்னது தலைமைச் சகோதரியை. வார்டில் ஓர் இறப்பு நேர்ந்தால், அங்கிருந்த செவிலியரைப் பதினைந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அறுபது வயதைத் தாண்டிய அவர் தாமே வந்து அந்த வார்டில் நிற்பாராம். ஆறுதல் மொழி ஏதும் சொல்ல மாட்டாராம். "அந்தப் பதினஞ்சு நிமிஷம் இல்லேன்னா நான் ரெண்டாம் வருஷமே வந்திருப்பேன்" என்றாள். மாதச் சம்பளம் தேதி தவறாமல் வந்ததையும் மறக்காமல் சேர்த்துச் சொன்னாள். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை.

லாக்கோர் இன்றும் இயங்குகிறது. 2006-இல் போர் நிறுத்தம் ஏற்பட்ட பின் முகாம்கள் கலைந்தன. வளாகத்தில் இரவில் வந்து படுப்போர் இப்போது இல்லை. ஐந்நூற்றுக்குச் சற்றுக் குறைவான படுக்கைகள். நடத்துவோரும் பணிபுரிவோரும் அந்நாட்டினரே. செவிலியர் பள்ளியும் நடக்கிறது.

எங்கள் மகள் இப்போது மலையூரில் இல்லை. சமவெளியில் ஒரு செவிலியர் பள்ளியில் கற்பிக்கிறாள். முதலாண்டு மாணவிகளுக்கு முதல் வாரத்தில் கையுறையை அணிவதையும் கழற்றுவதையும் பழக்குகிறாளாம். அணிவது எளிது, ஒரே நாளில் வந்துவிடும். வெளிப்புறம் தோலில் படாமல் கழற்றுவதுதான் கடினம், களைத்திருக்கும்போது கை தவறுவது அங்கேதான் என்கிறாள். அதற்காக மாணவிகளை மாலை வரை வேலை வாங்கிவிட்டு, நன்றாகச் சோர்ந்தபின் ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்கிறாள். கையுறையின் மேல் சிவப்பு மையைத் தடவி வைத்திருப்பாளாம். யார் விரலில் மை ஒட்டியிருக்கிறதோ அவர் மறுநாளும் வரவேண்டும்.